காந்தம் இல்லாத இடத்தில் காந்தப்புலம்

ஒரு சிட்டிகை உப்பை எடுத்து அடுப்பின் நீலச் சுடரில் தூவிப் பாருங்கள். சுடர் நொடிப்பொழுதில் பளிச்சென்று மஞ்சளாகிறது. உப்பில் உள்ள சோடியம் தரும் நிறம் அது.

இந்த மஞ்சள் ஒளியை நல்லதொரு நிறமாலைமானியின் வழியே நோக்கினால் ஒரு கோடு தெரிவதில்லை. நெருங்கி நிற்கும் இரண்டு கோடுகள் தெரிகின்றன. ஒன்றின் அலைநீளம் 589.0 நானோமீட்டர்; மற்றதன் அலைநீளம் 589.6 நானோமீட்டர். (ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.) கல்லூரிக்குப் புதிதாக வரும் மாணவர்கள் ஆய்வகத்தில் இதை முதன்முதலாகப் பார்க்கும்போது, கருவியைச் சரியாகக் குவியப்படுத்தவில்லை போலும் என்று எண்ணித் திருகைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். எவ்வளவு திருப்பினாலும் இரண்டு கோடுகள் ஒன்றாவதில்லை. கருவியில் பழுதில்லை. சோடியம் அணுவே அப்படித்தான் ஒளிர்கிறது.

எங்கள் வடுகபட்டியில் நின்று வடக்கே பார்த்தால் பழனி மலைத்தொடர் சுவர்போல் எழுந்து நிற்கும். அந்த மலையின் மேல் கொடைக்கானலில் இருக்கும் சூரிய ஆய்வுக்கூடம் உலகப் புகழ் பெற்றது. கால்சியம் வெளியிடும் ஊதா நிறக் கோடு ஒன்றின் ஒளியில் மட்டும் சூரியனைப் படம் பிடிக்கும் பணி அங்கே 2007ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ நூறாண்டுகள் நடைபெற்றது. அந்தக் கோட்டுக்கு 'கே' என்று பெயர், அலைநீளம் 393.4 நானோமீட்டர். இதற்கும் ஒரு துணை உண்டு. 'எச்' என்று பெயர் பெற்ற அதன் அலைநீளம் 396.8 நானோமீட்டர். ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியம் அணுவிலிருந்து இந்த இரண்டும் பிறக்கின்றன. சோடியத்தின் இரட்டையருக்கு இடைவெளி 0.6 நானோமீட்டர், கால்சியத்தின் இரட்டையருக்கோ ஏறத்தாழ 3.5 நானோமீட்டர்.

கோடுகள் ஏன் இரண்டிரண்டாக வருகின்றன? கால்சியத்தில் மட்டும் இடைவெளி ஏன் இத்தனை பெரிது? இவ்விரு கேள்விகளின் விடையைப் பிடித்துக்கொண்டு நடந்தால், இன்று பஞ்சாப் மாநிலத்து மொஹாலியிலும் உலகின் பல ஆய்வகங்களிலும் நடக்கும் ஒரு தேடலுக்குள் போய்ச் சேரலாம்.

பேருந்தும் தென்னை மரங்களும்

தேனியிலிருந்து கம்பத்துக்குப் பேருந்தில் செல்லும்போது சாலையோரத் தென்னை மரங்கள் பின்னோக்கி ஓடுவதுபோல் தோன்றுகிறது அல்லவா? தரையில் நிற்பவருக்கு ஓடுவது பேருந்து. இருக்கையில் அமர்ந்தவருக்கு ஓடுவது மரம். இப்போது எலக்ட்ரானின் இருக்கையில் நீங்கள் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். எலக்ட்ரான் அணுக்கருவைச் சுற்றுகிறது என்று நாம் சொல்கிறோம். உங்கள் பார்வையில் நீங்கள் அசையாமல் இருக்கிறீர்கள். அணுக்கருதான் உங்களைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அணுக்கருவோ நேர்மின்னூட்டம் உடையது. வட்டமாக ஓடும் மின்னூட்டம் என்றால் அது மின்னோட்டம். மின்னோட்டம் ஓடும் சுருளின் நடுவே காந்தப்புலம் உண்டாகும் என்பதை நீங்கள் பள்ளியிலேயே படித்திருக்கிறீர்கள். ஆகவே, அருகில் காந்தம் எதுவும் இல்லாமலே எலக்ட்ரான் ஒரு காந்தப்புலத்தை உணர்கிறது.

உணர்வதற்கு அதனிடம் ஏதாவது இருக்க வேண்டுமே? இருக்கிறது. எலக்ட்ரானே ஒரு நுண்ணிய காந்தம். 1925ஆம் ஆண்டில் உலன்பெக், கவுட்ஸ்மிட் என்ற இரு டச்சு இளைஞர்கள், எலக்ட்ரான் பம்பரம்போல் தன்னைத்தானே சுற்றுகிறது என்று கொண்டால் நிறமாலைப் புதிர்கள் பல அவிழ்கின்றன என்று காட்டினார்கள். இதைத் தற்சுழற்சி என்கிறோம். பம்பரம் என்பது உவமைதான். எலக்ட்ரான் உண்மையில் சுற்றும் உருண்டை அன்று. ஆனால் அதற்கு ஓர் அச்சு உண்டு, அந்த அச்சின் வழியே வடக்கு தெற்கு என்ற காந்தத் தன்மையும் உண்டு. நமக்குத் தேவையானது இவ்வளவே.

தான் உணரும் புலத்தின் திசையில் இந்தச் சிறு காந்தம் நின்றால் ஓர் ஆற்றல். எதிர்த்து நின்றால் வேறோர் ஆற்றல். இரண்டு ஆற்றல் நிலைகள் என்றால் இரண்டு நிறமாலைக் கோடுகள். எலக்ட்ரானின் ஓட்டமும் அதன் தற்சுழற்சியும் இவ்வாறு ஒன்றோடொன்று கட்டுண்டு கிடப்பதைத் தற்சுழற்சி–சுற்றுப்பாதைப் பிணைப்பு என்பார்கள். இனிச் சுருக்கமாகப் பிணைப்பு என்றே சொல்வோம். (பேருந்து உவமையை அப்படியே கணக்காகப் போட்டால் விடை இரு மடங்காக வந்துவிடும். எலக்ட்ரான் நேர்க்கோட்டில் செல்லாமல் வளைந்து செல்வதால் வரும் திருத்தம் அதைப் பாதியாக்குகிறது. இதை 1926இல் தாமஸ் என்பவர் கண்டார்.)

சோடியத்தின் இரு கோடுகளின் இடைவெளியிலிருந்து, உள்ளே எலக்ட்ரான் உணரும் காந்தப்புலத்தைக் கணக்கிடலாம். விடை சுமார் 18 டெஸ்லா. மருத்துவமனைகளில் உடலைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. பொறியின் பெரிய காந்தம் வழக்கமாக 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா. ஒரு சிட்டிகை உப்பில் அதைவிடப் பன்மடங்கு வலிய காந்தப்புலம்!

கால்சியத்தில் இடைவெளி பெரிதாக இருப்பதன் காரணமும் இப்போது விளங்கும். சோடியத்தின் அணு எண் 11. கால்சியத்தின் அணு எண் 20. அணுக்கருவின் மின்னூட்டம் கூடினால் மின்புலம் கூடுகிறது, எலக்ட்ரான் கருவின் அருகே பாயும்போது அதன் வேகமும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து பிணைப்பை வெகுவாக வளர்க்கின்றன. கனத்த அணுவில் பிணைப்பு வலிது: இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் தேவைப்படும்.

தட்டையான உலகம்

இதுவரை தனி அணுவைப் பற்றிப் பேசினோம். இனி எலக்ட்ரான்களை ஒரு தட்டையான உலகத்துக்கு அழைத்துச் செல்வோம்.

இரண்டு வெவ்வேறு பொருள்கள் ஒட்டி நிற்கும் எல்லையை இடைப்பரப்பு என்கிறோம். சில பொருள்களை இப்படி ஒட்டவைக்கும்போது, எலக்ட்ரான்கள் அந்த எல்லையில் ஒரு மெல்லிய ஏடாகத் திரண்டுவிடுகின்றன. ஏட்டின் தடிமன் சில நானோமீட்டர். தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஏட்டுக்குள் எலக்ட்ரான்கள் முன்னும் பின்னும், இடமும் வலமும் ஓடலாம். மேலும் கீழும் செல்ல இடமில்லை. அதனால் இதை இருபரிமாண எலக்ட்ரான் அமைப்பு என்பார்கள். ஏதோ அரிய பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டிலுள்ள கைபேசியின் சில்லுக்குள் இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களில் மின்னோட்டம் செல்வது, சிலிக்கானும் அதன் மேலுள்ள மின்கடத்தா ஏடும் சந்திக்கும் இடைப்பரப்பை ஒட்டித்தான்.

ஒரு பொருளின் உட்பகுதியில் எலக்ட்ரானுக்கு மேலே என்ன இருக்கிறதோ அதுவே கீழேயும் இருக்கிறது. மேல்நோக்கிய இழுப்பும் கீழ்நோக்கிய இழுப்பும் சமமாகிவிடுகின்றன. இடைப்பரப்பில் அப்படி அன்று. மேலே ஒரு பொருள், கீழே வேறு பொருள். ஆகவே ஏட்டுக்குச் செங்குத்தாக ஒரு மின்புலம் எஞ்சி நிற்கிறது. அந்த மின்புலத்துக்குக் குறுக்கே எலக்ட்ரான் ஓடுகிறது. ஓடும் எலக்ட்ரானுக்கு மின்புலம் காந்தப்புலமாகவும் தோன்றும் என்பதைத்தான் பேருந்தில் பார்த்தோமே!

கீவ் நகரில் 1927இல் பிறந்த இம்மானுவேல் ராஷ்பா என்ற இயற்பியலாளர் இதைக் கோட்பாடாக வகுத்தார். முதலில் 1959இல் ஷேகா என்பவருடன் சேர்ந்து சில படிகங்களுக்கும், பின்னர் 1984இல் பிச்கோவ் என்பவருடன் சேர்ந்து தட்டையான எலக்ட்ரான் அமைப்புகளுக்கும் எழுதினார். இன்று உலகம் முழுவதும் இதற்கு ராஷ்பா விளைவு என்று பெயர். அவர் 2025ஆம் ஆண்டில் தமது 97ஆம் வயதில் மறைந்தார்.

ராஷ்பா விளைவில் ஒரு திசை ஒழுங்கு உண்டு. மின்புலம் நேர் மேலே நோக்குகிறது என்று கொள்வோம். எலக்ட்ரான் வடக்கே ஓடினால் அது உணரும் காந்தப்புலம் மேற்கை நோக்குகிறது. தெற்கே திரும்பி ஓடினால் காந்தப்புலமும் கிழக்கே திரும்பிவிடும். கிழக்கே ஓடினால் வடக்கு. எப்போதும் ஓட்டத்துக்குச் செங்குத்தாக, ஏட்டின் தளத்திலேயே. வெளியிலிருந்து நாம் வைக்கும் காந்தத்தின் புலம் எல்லா எலக்ட்ரான்களுக்கும் ஒன்றுதான். இதுவோ ஒவ்வோர் எலக்ட்ரானும் தன் பயணத் திசைக்கு ஏற்பத் தானே சுமந்து செல்லும் புலம்.

ஒரு கணக்கு

இப்போது ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரான் உணரும் காந்தப்புலம், அதன் வேகத்தை மின்புலத்தால் பெருக்கி, ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும். இடைப்பரப்பில் மின்புலம் மீட்டருக்கு 10 கோடி வோல்ட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். எலக்ட்ரானின் வேகம் வினாடிக்கு 5 இலட்சம் மீட்டர். பெருக்கினால் 5 × 10¹³. ஒளிவேகம் வினாடிக்கு 30 கோடி மீட்டர். அதன் வர்க்கம் 9 × 10¹⁶. வகுத்தால் சுமார் 0.00056 டெஸ்லா.

நம் பகுதியில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 0.00004 டெஸ்லா. அதைப் போல் 14 மடங்கு இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். பள்ளிக்கூடச் சட்டக் காந்தத்தின் முனையில் இதைவிடப் பல மடங்கு புலம் உண்டு. இவ்வளவு சிறிய புலத்தை வைத்துக்கொண்டு உருப்படியாக ஒன்றும் செய்ய இயலாது.

ஆனால் இண்டியம் ஆர்சனைடு போன்ற குறைகடத்திகளின் இடைப்பரப்பில் அளந்து பார்த்தால், பிணைப்பின் வலிமை பத்துக்கணக்கான டெஸ்லா புலத்துக்கு ஈடாக இருக்கிறது. கணக்குக்கும் அளவைக்கும் ஏறத்தாழ ஓர் இலட்சம் மடங்கு வேறுபாடு! பாடநூல்கள் பலவும் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுகின்றன. ஆனால் கருத்தெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

எலக்ட்ரான் வெற்றிடத்தில் ஓடவில்லை. அணுக்களின் காட்டுக்குள் ஓடுகிறது. வழியில் ஒவ்வோர் அணுக்கருவின் அருகேயும் பாய்ந்து கடக்கிறது. கருவின் அருகே மின்புலம் நாம் வைத்துக்கொண்ட அளவைவிட மிக மிகப் பெரியது. பிணைப்பின் வலிமை உண்மையில் அங்கிருந்து வருகிறது. படிகத்தின் உட்பகுதியில் மேலும் கீழும் ஒத்திருப்பதால் அந்த வலிமை வெளியே தெரியாமல் சமனாகிக் கிடக்கிறது. இடைப்பரப்பின் சிறிய மின்புலம் அந்தச் சமநிலையைச் சற்றே குலைக்கிறது; அவ்வளவுதான் அதன் வேலை. துலாக்கோலின் இரு தட்டிலும் மூட்டை மூட்டையாகப் பூண்டு இருக்கும்போது ஒரு சிறு படிக்கல்லை ஒரு பக்கம் வைத்தாலும் கோல் சாய்கிறதல்லவா? அதைப் போன்றது.

இதற்கு அழகான சான்று நம் வீட்டுப் பெண்கள் அணியும் தங்கத்திலேயே இருக்கிறது. தங்கப் படிகத்தின் புறப்பரப்பில் வாழும் எலக்ட்ரான்கள் ஒரு தட்டையான அமைப்பு. அவற்றுக்கு மேலே வெற்றிடம், கீழே தங்கம். 1996ஆம் ஆண்டில் லாஷெல் என்பவரும் அவருடைய துணைவர்களும் அந்த எலக்ட்ரான்களின் ஆற்றலை ஒளியால் பெயர்த்தெடுத்து அளந்தபோது, ஒரு நிலைக்குப் பதில் இரண்டு நிலைகள் பிரிந்து தெரிந்தன. இடைவெளி சுமார் 0.11 எலக்ட்ரான் வோல்ட். சோடியத்தின் இடைவெளியைப் போல் 50 மடங்கு. வெள்ளியின் புறப்பரப்பில் இதே பிரிவு மிகச் சிறியது. தங்கத்தின் அணு எண் 79. வெள்ளியின் அணு எண் 47. கனத்த அணுவின் விதி இங்கும் நிற்கிறது. சிலிக்கான் (அணு எண் 14) இந்த வகையில் மிக ஏழை.

இரு இந்தியர்களின் யோசனை

சரி, எலக்ட்ரான் தனக்குள் ஒரு காந்தப்புலத்தைச் சுமந்து செல்கிறது. இதனால் ஆவது என்ன?

சுற்றும் பம்பரம் சற்றே சாய்ந்தால் உடனே விழுந்துவிடுவதில்லை. அதன் அச்சு மெல்ல வட்டமடிக்கிறது. காந்தப்புலத்தில் அகப்பட்ட எலக்ட்ரானின் அச்சும் அவ்வாறே புலத்தைச் சுற்றி வட்டமடிக்கும். ராஷ்பாவின் புலம் இடைப்பரப்பின் மின்புலத்தால் வருவது. மின்புலத்தை வெளியிலிருந்து ஒரு மின்னழுத்தம் கொடுத்துக் கூட்டலாம், குறைக்கலாம். அப்படியானால் காந்தம் ஒன்றும் இன்றி, ஒரு மின்விசையைத் திருப்புவதாலேயே எலக்ட்ரானின் அச்சைத் திருப்பலாம்!

1990ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இருந்த சுப்ரியோ தத்தா, பிஸ்வஜித் தாஸ் என்ற இருவர் இந்த எண்ணத்திலிருந்து ஒரு புதிய டிரான்சிஸ்டரை வரைந்து காட்டினார்கள். தத்தா கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்றவர். அவர்களுடைய கட்டுரை சிறியது, கருத்து எளியது. இரு முனைகளில் இரண்டு இரும்புக் காந்தத் துண்டுகள். நடுவே தட்டையான எலக்ட்ரான் ஏடு. அதன் மேல் கேட் எனப்படும் மின்வாய். முதல் இரும்பிலிருந்து புறப்படும் எலக்ட்ரான்களின் அச்சுகள் எல்லாம் முன்னோக்கி நிற்கின்றன. ஓடும் வழியில் அச்சு திரும்புகிறது. மறுமுனையை அடையும்போது அச்சு மீண்டும் முன்னோக்கி இருந்தால் இரண்டாம் இரும்பு எலக்ட்ரானை ஏற்றுக்கொள்ளும். பின்னோக்கி இருந்தால் மறுக்கும். கேட்டில் மின்னழுத்தத்தை மாற்றினால் ஏற்பும் மறுப்பும் மாறி மாறி வரும்.

இங்கே உங்களுக்கு ஓர் ஐயம் எழ வேண்டும். ஏட்டில் ஓடும் எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரே வேகத்தில் செல்வதில்லையே. வெவ்வேறு வேகத்தில் செல்பவை வெவ்வேறு அளவு திரும்பிக் குழப்பிவிடாவா? குழப்புவதில்லை. வேகமாக ஓடும் எலக்ட்ரான் உணரும் காந்தப்புலம் பெரிது. எனவே அச்சு விரைவாகத் திரும்புகிறது. ஆனால் அது பாதையை விரைவில் கடந்துவிடுகிறது; திரும்புவதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு. மெதுவாக ஓடுவதற்கு இதன் மறுதலை. இரண்டும் சரியாக ஈடுகட்டிக்கொள்கின்றன. ஆகவே அச்சு எவ்வளவு திரும்பும் என்பது கடந்த தொலைவை மட்டுமே பொறுத்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே தத்தா–தாஸ் யோசனையை இயற்பியலின் மிக நேர்த்தியான யோசனைகளுள் ஒன்றாக நான் மதிக்கிறேன். இண்டியம் சேர்ந்த குறைகடத்திகளில் அச்சு அரைச் சுற்று திரும்ப, ஒரு மில்லிமீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்குத் தொலைவு போதும்.

யோசனை பிறந்தது எளிது. செய்து காட்டுவது அரிதாயிற்று. மின்னழுத்தத்தால் பிணைப்பைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதை 1997இல் ஜப்பானில் நிட்டா என்பவரின் குழு அளந்து காட்டியது. இரும்பிலிருந்து குறைகடத்திக்குள் நுழையும்போதே எலக்ட்ரான்களின் ஒழுங்கு பெரும்பாலும் சிதைந்துபோவது அடுத்த தடையாக நின்றது. 2009இல்தான் கொரிய அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில், இண்டியம் ஆர்சனைடு ஏட்டில், மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஏற்பும் மறுப்பும் மாறி மாறி வருவதைக் கண்டார்கள். அதுவும் கடுங்குளிரில். வரைந்து காட்டி 19 ஆண்டுகள் கழிந்திருந்தன.

கனத்த அணுவைத் தேடி

வலிய பிணைப்பு வேண்டும் என்றால் கனத்த அணு வேண்டும். இடைப்பரப்பும் வேண்டும். இரண்டும் எங்கே ஒன்றாகக் கிடைக்கும்?

2004ஆம் ஆண்டில் ஓட்டோமோ, ஹ்வாங் என்ற இருவர் ஒரு விந்தையைக் கண்டறிந்தார்கள். லாந்தனம் அலுமினேட், ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் ஆகிய இரண்டும் மின்சாரத்தைக் கடத்தாத ஆக்சைடுகள். ஒன்றன் மேல் ஒன்றை அணு ஏடு அணு ஏடாகப் படியவைத்தால், இரண்டும் சந்திக்கும் பரப்பு மட்டும் உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்துகிறது! மின்னூட்டம் கொண்ட அணு ஏடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது உண்டாகும் மின்னழுத்தச் சுமையைத் தணிக்க எலக்ட்ரான்கள் எல்லைக்கு இடம் பெயர்கின்றன என்பது இதற்குக் கூறப்படும் முதன்மையான விளக்கம். விட்டுப்போன ஆக்சிஜன் அணுக்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பார்கள்.

இந்த ஏட்டில் எலக்ட்ரான்கள் வாழும் இடம் டைட்டானியம் அணுக்கள். அதன் அணு எண் 22. டைட்டானியத்தின் இடத்தில் டான்டலம் இருந்தால்? அணு எண் 73! பொட்டாசியம் டான்டலேட் என்ற ஆக்சைடு அப்படிப்பட்டது. அதனுள் பிணைப்பால் வரும் ஆற்றல் பிரிவு சுமார் 0.4 எலக்ட்ரான் வோல்ட். டைட்டனேட்டில் உள்ளதைப் போல் பத்து மடங்குக்கும் மேல்.

மொஹாலியில் உள்ள நானோ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் சுவாங்கர் சக்ரவர்த்தியின் குழு இதைக் கையில் எடுத்தது. பொட்டாசியம் டான்டலேட் படிகத்தின் மேல் லாந்தனம் வனடேட் என்னும் மற்றொரு மின்கடத்தா ஆக்சைடை லேசர் துடிப்புகளால் ஆவியாக்கிப் படியவைத்தார்கள். இடைப்பரப்பு மின்சாரத்தைக் கடத்தியது. நேகா வதேராவை முதல் ஆசிரியராகக் கொண்ட அவர்களுடைய கட்டுரை 2020இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளிவந்தது.

கண்ணுக்குத் தெரியாத பிணைப்பை எப்படி அறிந்தார்கள்? மாதிரியைக் கடுங்குளிரில் வைத்து, வெளியிலிருந்து ஒரு காந்தப்புலத்தை ஏட்டின் தளத்திலேயே செலுத்தி, அதன் திசையைக் கடிகார முள்போல் மெல்லச் சுற்றினார்கள். ஒவ்வொரு திசையிலும் மின்தடையை அளந்தார்கள். எலக்ட்ரான்கள் சுமக்கும் உள்புலம் அவற்றின் ஓட்டத் திசையோடு கட்டுண்டது அல்லவா? அதனால் வெளிப்புலம் மின்னோட்டத்தின் வழியே நிற்கிறதா, குறுக்கே நிற்கிறதா என்பதைப் பொறுத்து மின்தடை மாறுகிறது. புலத்தைத் தலைகீழாகத் திருப்பினால் மின்தடையில் மாற்றமில்லை. ஆகவே ஒரு முழுச் சுற்றில் மின்தடை இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்க வேண்டும். குறைந்த புலங்களில் அப்படியே நடந்தது. ராஷ்பாவின் கோட்பாட்டால் அதை விளக்க முடிந்தது.

புலத்தை 8 டெஸ்லா அளவுக்கு உயர்த்தியபோது, இரண்டு ஏற்றங்களுக்குப் பதில் நான்கு ஏற்றங்கள் வந்தன. ராஷ்பா விளைவு மட்டும் இதற்குப் போதவில்லை. வனேடியம் அணுக்களின் சிறு காந்தங்களும் எலக்ட்ரான்களோடு சேர்ந்து விளையாடுகின்றனவோ என்று அந்த ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். ஊகம் என்றே எழுதினார்கள். இத்தகைய நேர்மை எனக்குப் பிடிக்கும்.

உதவியே உபத்திரவம்

அப்படியானால் கனத்த அணுக்களைக் கொண்டு தத்தா–தாஸ் டிரான்சிஸ்டரைச் செய்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். இங்கேதான் சிக்கல் இருக்கிறது.

இந்தக் கட்டுரை அச்சான இதழையே மேசைமேல் அட்டை மேலே தெரியும்படி வையுங்கள். முதலில் அதை உங்களுக்கு எதிர்ப்புறமாகக் கால் சுற்று சாயுங்கள். பிறகு அப்படியே வலப்புறமாகக் கால் சுற்று சாயுங்கள். அட்டை உங்களுக்கு எதிர்த் திசையை நோக்கி நிற்கும். மீண்டும் பழையபடி வைத்து வரிசையை மாற்றிச் செய்யுங்கள்: முதலில் வலப்புறம், பிறகு எதிர்ப்புறம். இப்போது அட்டை வலப்புறத்தை நோக்குகிறது! அதே இரண்டு திருப்பங்கள்தாம். வரிசை மாறியதும் முடிவு மாறிவிட்டது.

எலக்ட்ரான்களுக்கு நேர்வது இதுவே. வடுகபட்டியில் பூண்டுச் சந்தை கூடும் நாளில் கடைத்தெருவில் யாரும் நேராக நடக்க முடியாது. மூட்டை தூக்குபவர்மேல் மோதி இடப்புறம் திரும்ப வேண்டும், வண்டியைக் கண்டு வலப்புறம் ஒதுங்க வேண்டும். படிகத்தில் உள்ள குறைகளின் மீது மோதி எலக்ட்ரானும் அப்படித்தான் திசை மாறி மாறிச் செல்கிறது. திசை மாறும் ஒவ்வொரு முறையும் அது சுமக்கும் காந்தப்புலத்தின் திசையும் மாறுகிறது. அச்சு வேறொரு கோட்டைச் சுற்றித் திரும்பத் தொடங்குகிறது. ஒவ்வோர் எலக்ட்ரானின் திருப்ப வரிசையும் வேறு வேறு. ஒன்றுபோல் அச்சை வைத்துக்கொண்டு புறப்பட்ட எலக்ட்ரான்கள், சற்றுத் தொலைவு சென்றதும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து நிற்கும். புறப்பட்ட திசையின் நினைவு அழிந்துவிடும். 1971இலேயே டியாகோனோவ், பெரல் என்ற இருவர் இதை விளக்கியிருந்தார்கள்.

எந்தப் பிணைப்பைக் கொண்டு அச்சை நம் விருப்பப்படி திருப்புகிறோமோ, அதே பிணைப்புத்தான் அச்சின் நினைவையும் அழிக்கிறது. பிணைப்பு வலிதானால் அரைச் சுற்றுக்குத் தேவையான தொலைவு குறைகிறது; நினைவு தங்கும் தொலைவும் கூடவே குறைகிறது. வெப்பம் ஏற ஏற அணுக்களின் அதிர்வும் எலக்ட்ரானை இடிக்கத் தொடங்கும். கொரியச் சோதனைக்குக் கடுங்குளிர் தேவைப்பட்டது வியப்பன்று. ராஷ்பா விளைவைக் கேள்விப்பட்டதும், நாளைக்கே கணிப்பொறிகள் மின்சாரமே குடிக்காமல் ஓடும் என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. அப்படி எதுவும் இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை.

வழியே இல்லையா? இதழை மறுபடியும் மேசைமேல் வையுங்கள். இம்முறை எதிர்ப்புறமாகவும் உங்கள் புறமாகவும் மட்டுமே சாயுங்கள். வலம் இடம் வேண்டாம். எத்தனை முறை எந்த வரிசையில் சாய்த்தாலும் குழப்பம் வருவதில்லை. முன்னே சாய்த்ததைப் பின்னே சாய்த்தால் பழைய நிலை வந்துவிடும். எலக்ட்ரான் ஏட்டை ஒரு குறுகிய சந்தாக்கிவிட்டால், எலக்ட்ரான் முன்னே ஓடலாம், மோதிப் பின்னே திரும்பலாம். பக்கவாட்டில் விலக இடமில்லை. முன்னே செல்லும்போது திரும்பிய அச்சு, பின்னே வரும்போது அதே அளவு எதிராகத் திரும்பிக்கொள்ளும். வழியில் எத்தனை முறை இடிபட்டாலும், மறுமுனையை அடையும்போது அச்சு நிற்கும் கோணம் சந்தின் நீளத்தைப் பொறுத்ததாகவே இருக்கும்.

எலக்ட்ரான்களை இப்படி ஒரே கோட்டில் ஓடவைப்பது நல்லது என்று தத்தாவும் தாசும் 1990 கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். 2015இல் தைவான், கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த டிரான்சிஸ்டரில், எலக்ட்ரான்கள் புறப்படும் வாயிலிலும் சேரும் வாயிலிலும் மிகக் குறுகிய இடுக்குகள் அமைந்திருந்தன. அதில் இரும்புத் துண்டுகளே இல்லை. எலக்ட்ரான்களின் அச்சை ஒழுங்குபடுத்தும் வேலையையும் அந்த இடுக்குகளில் உள்ள பிணைப்பே செய்தது. அதுவும் கடுங்குளிரில்தான் இயங்கியது.